விதை, நிலம், அரவை: கடவூரிலிருந்து சீர்காழி வரை

திங்கள், கடவூர்

இயற்கை வேளாண்மை செய்யும் சிறு குடும்பங்களுக்கு எது கைகொடுக்கிறது, எங்கே தடுக்குகிறது என்று பார்க்க ஒரு வாரப் பயணம். கரூரிலிருந்து தரகம்பட்டி வந்து, அங்கிருந்து கடவூர்ப் பக்கம் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வண்டி அடிக்கடி கிடையாது. காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. சுற்றிலும் மலை வளைத்திருக்க, நடுவே சின்னச் சின்ன ஊர்கள். இந்த மலைக்காடுகளையும் அடுத்துள்ள திண்டுக்கல் மாவட்டக் காடுகளையும் சேர்த்து 2022ல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்கு பூச்சி தின்னும் பிராணி. மருந்தடிக்காத தோட்டக்காரருக்கு ராத்திரிக் காவல்.

சுருமான்பட்டியில் இருக்கிறது வானகம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2009ல் தொடங்கிய பண்ணை. 1938ல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்த அரசு வேலையை உதறியவர். 2013 டிசம்பர் 30ல், டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பிரச்சாரத்தில் இருந்தபோது பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அடக்கம் செய்திருப்பது இங்கேதான். கல்லும் கரடுமாகக் கிடந்த நிலம், வரப்பு, குழி, மூடாக்கு (இலைதழையால் மண்ணை மூடுவது) என்று வேலை செய்து மரம் பிடித்திருக்கிறது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேலிக்கு வெளியே உள்ளதற்கும் உள்ளே உள்ளதற்கும் நிற வித்தியாசமே தெரியும்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கரைசல்கள். பஞ்சகவ்யம் அதில் தலைப்பிள்ளை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறை, வேளாண் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்ட அளவு இது. பசுஞ்சாணம் 7 கிலோவையும் பசு நெய் 1 கிலோவையும் பிசைந்து, காலையும் மாலையும் கிளறி மூன்று நாள் வைக்க வேண்டும். பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் ஊற்றி, அதேபோல் கிளறி 15 நாள். அதற்கப்புறம் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்றாகக் கனிந்த பூவன் பழம் 12. முப்பது நாளில் தயார். தெளிக்க 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர்.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் மூடியில். இறுக மூடினால் காற்று உப்பி டிரம்மே வீங்கும். திறந்து போட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். வலையோ மெல்லிய துணியோ கட்டி நிழலில் வைக்க வேண்டும். பாத்திரம் மண்பானை, பிளாஸ்டிக், சிமெண்ட் தொட்டி ஏதாவது இருக்கலாம், இரும்பு மட்டும் ஆகாது. கிளறுவதை இரண்டு வேளை தவறவிட்டாலே மேலே ஏடு கட்டி, வாடை மாறிவிடும். புளித்த பழ வாசனை வந்தால் சரி, அழுகல் நாற்றம் அடித்தால் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள், எருக்குழியில் ஊற்றுங்கள். வடிகட்டாமல் தெளிப்பானில் ஊற்றினால் பத்தாவது நிமிஷம் நாசில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பசு நெய் என்ன விலை என்று ஒரு ஏக்கர் சம்சாரியிடம் கேட்டால் சிரித்துவிடுவார். சாணமும் கோமியமும் வெல்லமும் கொஞ்சம் பயறு மாவும் போட்டு இரண்டு நாளில் எடுக்கும் ஜீவாமிர்தம் கிராமங்களில் வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதுதான். கற்றுக்கொடுக்கும்போது எது கட்டுப்படியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லாத பயிற்சி பாதிப் பயிற்சி.

தங்கிப் படிக்கும் பயிற்சிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாடு வைத்திருக்கும் குடும்பத்தில் யார் மூன்று நாள் வீட்டைவிட்டு வருவது? வருகிறவர்களில் நகரத்திலிருந்து நிலம் வாங்கப்போகும் இளைஞர்கள் கணிசம். அவர்கள் வருவதில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே உழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் அவர்கள் வயலுக்கே வர வேண்டும்.

அப்படி ஒரு முறை இருக்கிறது. புகையான் பூச்சி இந்தோனேசிய நெல்லைச் சூறையாடியபோது, மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது, ஏனென்றால் மருந்து முதலில் கொன்றது அதைத் தின்னும் சிலந்தியைத்தான். 1986ல் அந்த அரசு நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளைத் தடைசெய்தது. 1989ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. இருபது, முப்பது பேர், வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை ஒரே வயலில். குத்துக் குத்தாக (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துதான் குத்து) குனிந்து, தூரின் (கிளைத்த தண்டின்) அடியில் எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணி, வரைந்து, அந்த வாரம் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுப்பார்கள். நம்மூர்ப் பரிந்துரையும் இதே கணக்குதான்: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் வந்ததுமே நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்த எண்ணிக்கையை ஒரு பருவம் முழுக்கச் செய்த ஆளிடம் மருந்துக்கடைக்காரர் பேச்சு எடுபடாது.

செவ்வாய், ஒடுகம்பட்டி

புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர்ப் பக்கம். குடும்பம் அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இங்கே. நம்மாழ்வாரும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைத்து விவசாயம் செய்கிறவர்களைத் தமிழகம் முழுக்க இணைத்த லீசா வலைப்பின்னலுக்கு இது வேர் விட்ட இடங்களில் ஒன்று. பண்ணைப் பெயரைத் தந்த கொழுஞ்சி, செம்மண் கரட்டில் தானாக முளைக்கும் பசுந்தாள் செடி.

மானாவாரி மண்ணுக்கு இங்கே முதல் வைத்தியம் பலதானிய விதைப்பு. ஏக்கருக்குத் தானியம் நான்கு (நாட்டுச்சோளம் 1 கிலோ, கம்பு அரைக் கிலோ, தினை, சாமை கால் கால் கிலோ), பயறு நான்கு (உளுந்து, பாசிப்பயறு, தட்டை, கொண்டைக்கடலை ஒவ்வொரு கிலோ), எண்ணெய் வித்து நான்கு (எள் அரைக் கிலோ, நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு இரண்டிரண்டு கிலோ), பசுந்தாள் நான்கு (தக்கைப்பூண்டு, சணப்பு இரண்டிரண்டு கிலோ, நரிப்பயறு அரைக் கிலோ, கொள்ளு 1 கிலோ), மசாலா நான்கு (கொத்தமல்லி 1 கிலோ, கடுகு அரைக் கிலோ, வெந்தயம், சீரகம் கால் கால் கிலோ). பூவெடுக்கும் தருணத்தில், 50 முதல் 60 நாளுக்குள் மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகிவிடும், மக்க நாளாகும், அடுத்த பயிர் மஞ்சளடிக்கும். ஈரமில்லாத மண்ணில் உழுதால் காய்ந்த குச்சியாகவே கிடக்கும். சின்ன விதையையும் பெரிய விதையையும் ஒன்றாகக் கலந்து வீசினால் கடுகு ஒரு மூலையிலும் ஆமணக்கு ஒரு மூலையிலும் போய்ச் சேரும். சிறியதை மணலோடு கலந்து தனியே இரண்டாவது வீச்சாக வீசுங்கள். கொண்டைக்கடலையும் சீரகமும் இந்த வெக்கையில் சரியாக முளைக்காமல் போகலாம், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பட்டியலை மந்திரம் மாதிரி பிடித்துக்கொள்ளாமல், உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதைப் போட்டாலும் வேலை நடக்கும்.

வழிநெடுகத் தைலமரத் தோப்புகள். ஏரிக்கு வர வேண்டிய தண்ணீரை வரத்திலேயே தடுக்கிறது என்று மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறைதீர் கூட்டத்தில் எழுப்பிவரும் புகார். அந்தக் கூட்டம் பற்றி வெள்ளிக்கிழமை.

புதன், ஆதிரெங்கம்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக்குள் வந்ததும் தண்ணீரின் பேச்சு மாறிவிடுகிறது. மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பதுதான் இங்கே நாட்காட்டியின் முதல் தேதி. அணை திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நாற்று விட்டாயிற்று, மற்றவர்கள் சம்பாவுக்கு விதை பார்க்கிறார்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தலை முறிந்த தென்னைகளுக்குப் பதில் வைத்த கன்றுகள் இப்போது வளர்ந்து நிற்கின்றன.

கட்டிமேடு ஆதிரெங்கம் நெல் ஜெயராமன் ஊர். 2006லிருந்து இங்கே நெல் திருவிழா. பாரம்பரிய ரகம் 170க்கும் மேல் மீட்டெடுத்தவர் 2018 டிசம்பர் 6ல் மறைந்தார். அவர் வைத்த கணக்கு எளிமையானது: 2 கிலோ விதை வாங்கிப்போ, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு. பணம் கைமாறுவதில்லை. வாங்கியவர் கொடுப்பவராக மாறுகிறார். வலைப்பின்னல் என்று கருத்தரங்கில் மணிக்கணக்காகப் பேசுவதை இந்த 2 கிலோ பை செய்துமுடித்திருக்கிறது.

2 கிலோவை என்ன செய்வது என்று தெரியாமல் வீணாக்குகிறவர்கள் உண்டு. சாதாரண நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை போகும், அந்தக் கணக்கில் 2 கிலோ எட்டுப் பத்து சென்டுக்குத்தான் வரும். ஒற்றை நாற்று நடவில், 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால், ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோவே போதும். ஆக அதே பை முக்கால் ஏக்கரைத் தொடும். முதல் வருஷமே முக்கால் ஏக்கரில் இறங்க வேண்டாம். உங்கள் மண்ணில் அந்த ரகம் எப்படி நிற்கிறது என்று பத்து சென்டில் பார்த்துவிட்டு விரிப்பதே நல்லது.

விதையைத் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒரு முட்டை வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் கல்லுப்பு ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். புது முட்டையைப் போட்டால் முதலில் அடியில் போய்ப் படுக்கும். உப்பு ஏற ஏற நிமிரும், பிறகு மிதக்கும். மேலே ஒரு சின்ன நாணயம் அளவுக்கு ஓடு தெரிந்தால் கரைசல் சரி. விதையைக் கொட்டியதும் பதரும் பாதி முற்றிய மணியும் மேலே வரும், அரித்து எடுத்து மாட்டுக்குப் போடலாம். அடியில் தங்குவதே விதை. உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும், விதை சரியில்லை என்று கொடுத்தவர் மேல் பழி விழும். பழைய முட்டை உதவாது, அது வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். கழுவிய விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து ஊறவைத்தால் குலைநோய்க்கு முன்காப்பு.

ரகம் தேர்வதில் நடக்கும் தவறு வேறு வகை. பூங்கார் 90 நாளுக்குள் வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா 160 நாள், காட்டுயானம் 180 நாள் வரை போகும். சம்பாப் பட்டத்துப் பழைய ரகங்கள் பல, பகல் குறைய ஆரம்பித்தால்தான் கதிர் போடும். குறுவையில் விதைத்தால் தழையாக வளர்ந்துகொண்டே நிற்கும், ஆள் உயரம் போய்க் காற்றுக்குச் சாயும். பசுமையாக இருக்கட்டும் என்று யூரியாவோ அளவுக்கு மீறிய எருவோ போட்டாலும் சாய்வதே கதி. தண்ணீர் தேங்கும் தாழ்வான வயலுக்குக் காட்டுயானம், உவர் மண்ணுக்குக் குழியடிச்சான், களர்ப்பாலை என்று நிலத்துக்கு ஏற்றபடி கேட்டு வாங்க வேண்டும். சத்துப் பட்டியலைப் பார்த்துக் கருப்புக்கவுனியைக் கேட்கிறவர்கள் அதிகம், தன் வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் திரும்பிவரும் 4 கிலோவில் இருக்கிறது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், பக்கத்து வயலோடு மூன்று மீட்டர் இடைவெளி விட்டாலே போதும். கலப்பு பூவில் நடப்பதைவிடக் களத்தில் நடப்பது அதிகம். அறுவடை இயந்திரம் முந்தின வயலின் நெல்லை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் வருகிறது. விதைக்கான பகுதியைக் கையால் அறுத்து, தனியாக அடித்து, புதுச் சாக்கில் கட்டி, உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும் போட வேண்டும். தூர் கட்டும்போது ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, அறுப்புக்கு முன் ஒரு முறை வயலுக்குள் இறங்கி, உயரம், தண்டின் நிறம், மணியின் மூக்கு இவற்றில் மாறி நிற்கும் கலவனைப் பிடுங்க வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே. கருவி இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பார்க்கலாம், நசுங்காமல் கடக்கென்று உடைய வேண்டும். மூன்று கை மாறிய பிறகு "தூயமல்லி" என்று எழுதிய பையில் தூய்மை மட்டும் இல்லாமல் போவதற்கு இதில் ஏதாவது ஒன்று விடுபட்டதே காரணம்.

விதையைப் பரிமாறிக்கொள்வது சட்டப்படி சரியா என்று இன்றும் சிலர் தயங்குகிறார்கள். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39: தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் அச்சிட்ட பொட்டலத்தில் போட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை. இதை நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கும் விதை வங்கி எங்கேயாவது இருந்தால் அது புத்திசாலியான வங்கி.

வியாழன், கீழ்வெண்மணி – கூத்தூர்

குடும்ப விவசாயம் என்று சொல்லும்போது யார் குடும்பம், யார் நிலம் என்ற கேள்வியைத் தாண்டிப் போக இந்த வட்டாரம் விடாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நினைவிடம் இருக்கிறது, போய் நில்லுங்கள்.

அதைக் கேள்விப்பட்டு இங்கே வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், சர்வோதயத் தம்பதி. 1981ல் லாப்டி (உழுபவர் விடுதலைக்கான நிலம்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கண்ட வழி இது: நிலவுடைமையாளரிடம் பேசி விலைக்கு வாங்குவது, வங்கிக் கடன் எடுப்பது, பத்திரச் செலவுக்கு அரசிடம் விலக்குப் பெறுவது, நிலமற்ற குடும்பத்துக்கு ஏக்கர் கணக்கில் பிரித்துப் பெண்ணின் பெயரில் பதிவுசெய்வது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. பெண் பெயரில் என்பதில் நடைமுறை ஞானம் இருக்கிறது, அடகும் விற்பனையும் அவ்வளவு சுலபத்தில் நடக்காது.

நிலம் கிடைத்த பிறகு அதை உப்பாக்க இறால் பண்ணை வந்தது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, பாரம்பரிய முறைகள் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. கிருஷ்ணம்மாளுக்கும் ஜெகந்நாதனுக்கும் 2008ல் மாற்று நோபல் எனப்படும் விருது கிடைத்தது.

இன்றைக்கு டெல்டாவில் நிலம் உழுகிறவர்களில் குத்தகைதாரர் ஏராளம், கோயில் நிலம், மடத்து நிலம் உட்பட. இயற்கை வேளாண் பயிற்சிகளில் இவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மூன்று வருஷம் மண்ணை வளப்படுத்தியபின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் எவர் எரு போடுவார்? 1969ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் பதிவுக்கு மனுச் செய்யலாம். நியாய வாரச் சட்டப்படி நில உரிமையாளர் பங்கு விளைச்சலில் 25 சதவீதம். 1955ன் பாதுகாப்புச் சட்டப்படி வருவாய் நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. ஏட்டில் இவ்வளவு இருந்தும் வாய்மொழிக் குத்தகைதான் மிகுதி. பிரதமரின் ஆண்டு உதவித்தொகையான 6,000 ரூபாய் நிலம் தன் பெயரில் உள்ளவர்களுக்குத்தான், குத்தகைதாரருக்குக் கிடையாது. பயிர்க் காப்பீட்டுக்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (பயிர்ப் பதிவு) வேண்டும், அதில் சாகுபடி செய்பவர் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று நட்ட உடனேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்த பிறகு போய்க் கேட்டால், "அப்பவே வந்திருக்கலாமேப்பா" என்பதுதான் பதில்.

வெள்ளி, திருவாரூர்

சிறிய பதிவு. ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டம். மனுவில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். புல எண், வாய்க்கால் பெயர், எந்தத் துறை என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். ஒரே தாளில் ஐந்து குறை எழுதினால் ஐந்து துறைக்கும் போய் ஒன்றிலும் முடியாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள், அடுத்த மாதம் அந்த எண்ணை வைத்துத்தான் பேச முடியும்.

இதைவிட வலுவான மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும். ஆள் குறைந்தால் பிற்பாடு அதைச் சொல்லியே தள்ளிவிடுவார்கள், ஆகவே வருகைப் பதிவில் கையெழுத்து முக்கியம். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, படித்துக் காட்டி, நகல் வாங்க வேண்டும்.

மன்னார்குடி வட்டாரத்துக்கு 2010ல் போடப்பட்ட மீத்தேன் ஒப்பந்தம், 2017ல் நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களின் எண்ணெய், எரிவாயு எதிர்ப்புப் போராட்டங்கள் என்று பத்தாண்டு எதிர்ப்பின் முடிவில் வந்தது 2020 பிப்ரவரியின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், செம்பு, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடல் போன்றவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் (இன்றைய மயிலாடுதுறையும் இதில் அடக்கம்), கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் கூடாது. ஏற்கெனவே நடப்பவற்றை இது தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் பட்டியலில் இல்லை, அதாவது திங்கட்கிழமை பார்த்த கடவூர் வெளியே. போராடிப் பெற்ற சட்டம்தான், ஆனால் வேலி பாதி வயலுக்கே போட்டிருக்கிறது.

சனி, சீர்காழி

இந்திய அறிவுமுறைகளுக்கான மையம் நீண்ட காலமாக விதை வங்கியும் பயிற்சியும் நடத்திவரும் பகுதி. இன்று இரண்டு காரியம்: சான்றும் அரவையும்.

சிறு குடும்பத்துக்கு ஏற்றது பங்கேற்பு உறுதியளிப்பு முறை, பி.ஜி.எஸ். கட்டணம் கிடையாது. அருகருகே உள்ள குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எழுதி, ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். மாறும் காலத்தில் பசுமைச் சான்று, பருவப் பயிருக்கு 24 மாதம், நீண்ட காலப் பயிருக்கு 36 மாதம் முடிந்தபின் முழு இயற்கைச் சான்று. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். ஏற்றுமதிக்கு வேறு சான்று, அதற்குக் கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை.

பார்வையிடப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது பயிரை மட்டுமல்ல. தெளிப்பானை முகர்ந்து பாருங்கள். மோட்டார் கொட்டகை மேல்தட்டில் பழைய மருந்துப் புட்டி இருக்கிறதா? பக்கத்து வயல் ரசாயனம் என்றால் தண்ணீர் எந்த மடையில் நுழைகிறது, வரப்பு எவ்வளவு அகலம்? களைக்கொல்லி அடித்த வரப்பு நிறத்திலேயே காட்டிக்கொடுக்கும், புல் ஒரே சீராகக் காய்ந்து பழுப்பாக நிற்கும். சாணம் எங்கிருந்து வருகிறது, மாட்டுக்குத் தீவனம் என்ன? நான் உன் வயலைப் பார்க்கிறேன், நீ என் வயலைப் பார் என்று ஜோடி போட்டுக்கொள்ளக் கூடாது, சுற்றாக மாற்ற வேண்டும். மாமன் மச்சான் ஊரில் இதுதான் கடினமான பகுதி. தவறு செய்தவரை நீக்கத் தயங்கும் குழுவின் சான்று தாளுக்குக்கூட ஆகாது. ஒரு குழுவையாவது தவறுக்காக ஒரு பருவம் நிறுத்திவைத்த வரலாறு இருந்தால், அந்த வட்டாரத்து அரிசியை நம்பி வாங்கலாம்.

அரவைக்கு வருவோம். பயிற்சியும் விதையும் சான்றும் பெற்ற குடும்பம் தடுக்கி விழும் இடம் இது. கொள்முதல் நிலையம் 17 சதவீத ஈரப்பதம் பார்க்கும், ரகத்தின் அருமையைப் பார்க்காது. அரிசியாக்கி விற்றால்தான் விலை. ஆனால் பெரிய ஆலை பத்து மூட்டைக்காக இயந்திரத்தை நிறுத்தாது. "உங்க நெல்லுக்காக மெஷினத் தொடச்சிட்டு உக்காந்தா எனக்குக் கரண்டு காசு யாருங்க குடுக்கிறது?" என்று ஆலைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சேர்ந்து போவதே வழி. பாரம்பரிய ரகம் ஏக்கருக்கு 1,200 கிலோ நெல் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு அறுபது அரிசி தேறினாலும் 720 கிலோ. பத்துக் குடும்பம் ஆளுக்கு ஒரு ஏக்கரில் ஒரே ரகத்தைப் போட்டால் ஏழு டன்னுக்கு மேல், ஆலைக்காரர் ஒரு நாளை ஒதுக்குவார். ஆளுக்கொரு ரகம் போட்டால் பத்துச் சிறு ஓட்டம், பத்து முறை கலப்பு. ஆகவே எந்த ரகம் என்ற முடிவு விதைப்புக்கு முந்திய கூட்டத்திலேயே நடக்க வேண்டும். ஓட்டம் தொடங்கியதும் முதலில் வரும் பத்துக் கிலோவைத் தனியே ஒதுக்குங்கள், முந்தினவர் அரிசி அதில் இருக்கும்.

நொய் அதிகம் விழுந்தால் ஆலையைத் திட்டுவதற்கு முன் களத்தை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் சூடான சிமெண்ட் தளத்தில் மெல்லிசாகப் பரப்பிக் காயப்போட்ட நெல், உமிக்குள்ளேயே கீறிவிடும். இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, அரை மணிக்கொரு முறை காலால் கோடு இழுத்துத் திருப்பி, நண்பகலில் குவித்து மூடி வைக்க வேண்டும். உமி மட்டும் நீக்கிய சிவப்பரிசியில் தவிட்டு எண்ணெய் இருக்கும், சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். எனவே நெல்லாகவே வைத்திருந்து, விற்கும் அளவுக்கு மாதாமாதம் அரைப்பது மேல். மூட்டைக்கிடையில் காய்ந்த நொச்சி இலை, அடியில் மரக்கட்டை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.

ஆனால் மாதாமாதம் அரைத்து விற்றால் காசும் மாதாமாதம்தான் வரும். அறுவடை முடிந்த வாரமே ஆள் கூலியும் கடனும் நிற்கிறது. நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு அரசு தந்த 5 லட்சம் ரூபாய் பொதுவில் கருவி வாங்குவதற்கு, நெல்லுக்கு முன்பணம் கொடுக்க அல்ல. இந்த இடைவெளியில்தான் வியாபாரி வந்து களத்திலேயே அள்ளிக்கொண்டு போகிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையை இருப்பு வைத்து மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் பொருளீட்டுக் கடன் எடுக்கலாம். மதிப்புப் போடும்போது தூயமல்லிக்குத் தூயமல்லி விலையா, சாதா நெல் விலையா என்று கண்காணிப்பாளரிடம் முதலில் கேட்டு, பிறகு மூட்டையை இறக்குங்கள்.